தீக்காய நோயாளிக்கு எக்மோ: முதல் மணி நேரத்திலிருந்து குழாய் எடுக்கும் நாள் வரை

எக்மோ, அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின். அந்தச் சொல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்தது இரண்டு பேரால்தான். 2016 டிசம்பரில் ஜெயலலிதா, 2020-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம். இரண்டு முறையும் செய்தி துக்கத்தில் முடிந்ததால், "எக்மோ வச்சிருக்காங்க" என்று காதில் விழுந்தாலே இனி ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. அவர்கள் இருவருக்கும் தீக்காயம் இல்லை. கடும் தீக்காயம் பட்டவருக்கு இந்த மெஷினைப் போடலாமா என்று கேட்டால் மருத்துவர்களே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். தோலே இல்லாத உடம்புக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதா என்பது ஒரு கட்சி. வேறு வழி இல்லாதபோது இதையும் பார்த்துவிடலாமே என்பது இன்னொன்று. என் கணிப்பில் இரண்டுமே பாதி சரி. எக்மோ தீக்காயத்தை ஆற்றாது, நாட்களைத்தான் வாங்கித் தரும். அந்த நாட்களில் கருகிய தோலை எடுத்து மூடுவதற்குத் திட்டம் வைத்திருக்கும் யூனிட்டுக்கு இது நல்ல கருவி. திட்டம் இல்லாத இடத்தில் மரணத்தைச் சில வாரம் தள்ளிப்போடும் செலவு.

ஐசியுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் பெரும்பகுதி புரியும். இங்கே வரும் அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கத்தில் உள்ளவை. உங்கள் யூனிட்டின் நெறிமுறை வேறாக இருந்தால் அதன்படியே நடங்கள்.

கணக்குப் போட வசதியாக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 30, எடை 60 கிலோ. பூட்டிய அறைக்குள் தீப்பிடித்து, உடம்பில் 50 சதவீதம் தீக்காயம். புகையும் உள்ளே போயிருக்கிறது.

மெஷின் என்னதான் செய்கிறது

பெரிய சிரையில் ஒரு தடித்த குழாயைச் செருகி ரத்தத்தை வெளியே இழுக்கிறோம். ஒரு பம்ப் அதைத் தள்ளுகிறது. முடி போன்ற மெல்லிய நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய ஒரு பெட்டிக்குள் ரத்தம் போகிறது. நுண்குழாய்களுக்குள்ளே ஆக்ஸிஜன் ஓடுகிறது, வெளியே ரத்தம் ஓடுகிறது. ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போய், கரியமில வாயு வெளியே வருகிறது. இந்தப் பெட்டிதான் செயற்கை நுரையீரல், அதாவது ஆக்ஸிஜனேட்டர். கூடவே ரத்தத்தைச் சூடாக வைக்க ஒரு வெந்நீர்ச் சுற்று.

சிவந்த ரத்தத்தை மறுபடி சிரைக்கே அனுப்பினால் அது விவி எக்மோ, நுரையீரலுக்கு மட்டும் உதவி. தமனிக்கு அனுப்பினால் விஏ எக்மோ, இதயத்துக்கும் சேர்த்து உதவி. அறுவை அரங்கில் சில மணி நேரம் ஓடும் இதய-நுரையீரல் இயந்திரம் இதற்கு மூத்த அண்ணன். ஜான் கிப்பன் அதை 1953-இல் பிலடெல்ஃபியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அதையே நாள்கணக்கில் படுக்கையருகே ஓட்ட முடியும் என்று காட்டியது 1971-இல் டொனால்ட் ஹில். விபத்தில் அடிபட்ட ஒரு இளைஞரை 75 மணி நேரம் ஓட்டிக் காப்பாற்றினார். 1975-இல் ராபர்ட் பார்ட்லெட் கலிஃபோர்னியாவில் ஒரு பச்சிளங்குழந்தையைக் காப்பாற்றிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பார்ட்லெட் தீக்காய சிகிச்சையிலும் வேலை செய்தவர். அறுவைக்குப் பிறகு பந்து மேலே எழும்பும்படி மூச்சை உள்ளிழுக்கச் சொல்லிக் கையில் கொடுப்பார்களே, அந்த மூச்சுப் பயிற்சிக் கருவிகளுக்கு மூல யோசனையும் அவருடையதே.

படி 1: நுரையீரல்தான் கெட்டதா என்று முதலில் பாருங்கள்

இந்தப் படியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். தீக்காய நோயாளிக்கு ஆக்ஸிஜன் இறங்குவதற்கு நுரையீரலோடு சம்பந்தமில்லாத காரணங்கள் நிறைய உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு ஒரு கத்தி போதும், எக்மோ தேவையில்லை.

மார்பைச் சுற்றி ஆழமாகக் கருகியிருந்தால் அந்தத் தோல் காய்ந்த தோல்வார் போல இறுகிவிடும். நெஞ்சு விரியாது, வென்டிலேட்டர் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், எக்ஸ்ரேயைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கருகிய தோலை இரு பக்க விலாவிலும் நீளமாகக் கீறி, விலா எலும்பின் கீழ் விளிம்பில் குறுக்காக இணைத்துவிட்டால் அழுத்தம் கண்ணெதிரே இறங்கும்.

அடுத்தது வயிறு. தீக்காயத்துக்கு எவ்வளவு நீர் ஏற்றுவது என்று சொல்லும் பார்க்லாண்ட் கணக்கில், நம் நோயாளிக்கு முதல் 24 மணி நேரத்துக்கு 4 மி.லி. × 60 கிலோ × 50 சதவீதம், அதாவது 12 லிட்டர் ரிங்கர் லாக்டேட் டிரிப். பாதி முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டியது, ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட நேரத்திலிருந்து எண்ணினால் தப்பு. இது தொடக்கக் கணக்குதான். பிறகு சிறுநீரைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். மணிக்கு 30 மி.லி. வந்தால் இவருக்குப் போதும். நடப்பதோ வேறு. 50 மி.லி. சிறுநீர் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், யாரும் டிரிப்பைக் குறைப்பதில்லை. இப்படி ஊற்றிய நீர் ஒரு நாளில் கிலோவுக்கு 250 மி.லி. தாண்டினால், அதாவது இவருக்கு 15 லிட்டர் போனால், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும் அபாயம் பெரிது. குடல் வீங்கும், உதரவிதானம் மேலே தள்ளப்படும், சிறுநீர் நிற்கும். சிறுநீர்ப்பைக் குழாய் வழியாக அழுத்தத்தை அளந்து பாருங்கள். 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் நின்று உறுப்புகளும் தடுமாறினால் முதலில் வயிற்று அழுத்தத்தைக் குறைக்க வழி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் எக்மோ போட்டால் பம்புக்கு ரத்தமே வராது; கீழ்ப் பெருஞ்சிரை நசுங்கிக் கிடக்கும்.

மூன்றாவது புகை. கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தை விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நல்ல ரத்தம் என்றே காட்டும். 98 சதவீதம் என்று பச்சை எழுத்தில் பொய் சொல்லும். கார்பன் மோனாக்ஸைடைத் தனியாக அளக்கும் கோ-ஆக்ஸிமீட்டர் உள்ள ரத்த வாயுப் பரிசோதனைதான் உண்மை சொல்லும். சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும், 100 சதவீத ஆக்ஸிஜனில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். பஞ்சு மெத்தை, நுரை, பிளாஸ்டிக் எரிந்த புகையில் சயனைடும் இருக்கும். ரத்தத்தில் லாக்டேட் (திசுக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாதபோது ஏறும் அமிலம்) 8-க்கு மேல் இருந்து, காரணம் பிடிபடாவிட்டால் சயனைடைச் சந்தேகியுங்கள். ஹைட்ராக்ஸோகோபாலமின் 5 கிராம் அதற்கு மாற்று மருந்து. அதைக் கொடுத்த பின் சிறுநீர் பீட்ரூட் நிறமாகும், டயாலிசிஸ் மெஷின் ரத்தக் கசிவு என்று அலறும். பதற வேண்டாம்.

படி 2: எக்மோவுக்கு முன் செய்ய வேண்டியதைச் செய்து முடியுங்கள்

புகை உள்ளே போனவரின் மூச்சுக்குழாயில் கரி, இறந்த சவ்வு, ஃபைப்ரின் என்ற உறைவு நார் எல்லாம் சேர்ந்து அச்சு வார்த்தது போல அடைத்துக்கொள்ளும். மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பை விட்டு இழுத்தால் மூச்சுக்குழாய்க் கிளையின் வடிவத்திலேயே முழுதாக வெளியே வருவதும் உண்டு. இதைத் தளர்த்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினையும் சளியை இளக்கும் அசிட்டைல்சிஸ்டீனையும் மாற்றி மாற்றி நெபுலைசரில் கொடுப்பது பல தீக்காய மையங்களில் வழக்கம். ஹெப்பாரின் 5,000 முதல் 10,000 யூனிட், 4 மணி நேரத்துக்கு ஒரு முறை.

வென்டிலேட்டரில் சிறிய மூச்சு, அழுத்தம் 30-க்குள், தேவைப்பட்டால் தசை தளர்த்தும் மருந்து. பிறகு குப்புறப் படுக்க வைப்பது. முகத்திலும் நெஞ்சிலும் புதுத் தோல் ஒட்டு இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜன் முகம் சுளிப்பார். நியாயம்தான், ஆனால் ஒட்டு போனால் மறுபடி ஒட்டலாம். முடியுமா முடியாதா என்று படுக்கையருகே பேசி முடிவு செய்யுங்கள், போனில் வேண்டாம்.

படி 3: போடுவதா வேண்டாமா

நுரையீரல் செயலிழப்புக்கு உலகம் பயன்படுத்தும் அளவுகோல், எக்மோவையும் வழக்கமான வென்டிலேட்டர் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான இயோலியா ஆய்வின் வரம்புகள்தான். தமனி ஆக்ஸிஜனை வென்டிலேட்டர் தரும் ஆக்ஸிஜன் பங்கால் வகுத்து வரும் எண் 3 மணி நேரத்துக்கு மேல் 50-க்குக் கீழே இருந்தால், அல்லது 6 மணி நேரத்துக்கு மேல் 80-க்குக் கீழே இருந்தால், எக்மோ பற்றிப் பேச வேண்டும். கரியமில வாயு 60-ஐத் தொட்டு அல்லது தாண்டி, ரத்தத்தின் பிஹெச் 7.25-க்குக் கீழே 6 மணி நேரம் நின்றாலும் அப்படியே. அந்த ஆய்வில் 249 பேர். 60 நாளில் இறந்தவர்கள் எக்மோ பக்கம் 35 சதவீதம், மறுபக்கம் 46. புள்ளியியல் கணக்கில் உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாத வித்தியாசம். தீக்காயத்துக்கென்று தனியாகச் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட ஆய்வு கிடையாது. நம்மிடம் இருப்பவை மையங்கள் வெளியிட்ட சிறு சிறு தொகுப்புகள். அவற்றில் நல்லவற்றில் சுமார் பாதிப் பேர் பிழைத்திருக்கிறார்கள், சிலவற்றில் அதைவிடக் குறைவு. வீட்டாரிடம் சொல்லும்போது இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆக, எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. நான் ஐந்து கேள்வி கேட்பேன். வயதையும் தீக்காய சதவீதத்தையும் கூட்டி, புகை போயிருந்தால் 17 சேர்த்தால் எவ்வளவு? நம் நோயாளிக்கு 30 + 50 + 17 = 97. ஒரு காலத்தில் கூட்டுத்தொகை நூறை நெருங்கினால் கைவிட்டுவிடுவார்கள். நல்ல மையங்கள் இன்று அந்த எல்லையை நன்றாகத் தள்ளியிருக்கின்றன. அடுத்து, கடும் அழுத்தத்தில் வென்டிலேட்டர் ஓடி எத்தனை நாள்? ஏழு நாளுக்குள் என்றால் நல்லது. மூளை நன்றாக இருக்கிறதா? புகை விபத்தில் மூச்சு நின்று மீண்டவர் என்றால் இது பெரிய கேள்வி. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் எங்கே கசியும்?

ஐந்தாவதுதான் முக்கியம். இவருடைய காயத்தை எந்த நாளில், எதை வைத்து மூடப் போகிறோம்? தீக்காய அறுவை மருத்துவர் ஒரு தேதியும் ஒரு பொருளும் சொல்ல வேண்டும். இவருடைய சொந்தத் தோலா, தோல் வங்கித் தோலா, கொலாஜனா? பதில் வராவிட்டால் குழாயைக் கையில் எடுக்காதீர்கள்.

இவ்வளவு பெரிய காயத்திலும் முயன்றிருக்கிறார்களா என்றால், ஆம். 2015 ஜூன் 27 அன்று தைவானின் நியூ தைப்பேயில் ஒரு நீர்ப் பூங்கா விழாவில் தூவிய வண்ணச் சோளமாவுப் பொடி தீப்பிடித்தது. சுமார் 500 பேர் எரிந்தார்கள், 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களில் மிக மோசமான சிலருக்கு எக்மோ போடப்பட்டது, பிழைத்தவர்களும் உண்டு. ஒரே இரவில் நாடு முழுக்க ஐசியுக்கள் நிரம்பிய நிலையிலும் அதைச் செய்தார்கள். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தைவான் நினைவுக்கு வரும்.

படி 4: விவியா, விஏவா

பெரும்பாலானவர்களுக்கு விவிதான். தீக்காய அதிர்ச்சியில் ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதைப் பார்த்து உடனே விஏ பக்கம் போகத் தோன்றும். எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் போகாதீர்கள். ரத்தக்குழாய்கள் தளர்ந்து போனதால் இறங்கிய அழுத்தத்துக்கு விஏ பெரிதாக உதவாது. இதயமே சுருங்காமல் கிடந்தால் மட்டும் அது பேச்சுக்கு வரும். கால் முழுக்கச் சுற்றி எரிந்தவரின் தொடைத் தமனியில் தடித்த குழாய் போட்டால் அந்தக் காலை இழக்க நேரலாம்; கீழே ரத்தம் போக ஒரு சின்னக் குழாய் தனியாக வேண்டும். விஏ ஓடும்போது ரத்த வாயுவை வலது கையில் எடுங்கள். கெட்ட நுரையீரல் வழியாக வந்த ரத்தம்தான் மூளைக்குப் போகிறதா என்று அந்தக் கைதான் காட்டிக்கொடுக்கும்.

படி 5: குழாய் போடுவது

எரியாத தோல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். உடை மடிப்புகளும் இடுப்புத் துணியும் காத்ததால் தொடை இடுக்கு பல நேரம் தப்பியிருக்கும். கழுத்து முகத்தோடு சேர்ந்து எரிந்திருக்கும். தொடைச் சிரையிலிருந்து இழுத்துக் கழுத்துச் சிரைக்குத் தருவது வழக்கமான ஏற்பாடு. கழுத்து முடியாவிட்டால் இரண்டு தொடையும். எரிந்த இடம் தவிர வேறு வழியில்லை என்றால் அதன் வழியாகவும் போடலாம். அங்கே முதலில் கருகியதை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்த பிறகு போடுவது மேல்.

பெரியவர்களுக்கு இழுக்கும் குழாய் 21 முதல் 29 ஃபிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு) வரை, தரும் குழாய் 15 முதல் 23. அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசி, கம்பி எங்கே நிற்கிறது என்று எக்கோவில் பார்த்து உறுதி, பிறகுதான் விரிப்பது. உடம்பு ஊதியிருக்கும், கைக்கு நாடி தட்டாது, கண்ணால் பார்க்காமல் குத்தாதீர்கள். குழாய் போடும்போது ஹெப்பாரின் கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் என்பது பொது வழக்கம். நேற்றுத்தான் தோலை வெட்டி எடுத்தவர் என்றால் குறைத்தோ கொடுக்காமலோ ஓட்டலாம்.

அப்புறம் தையல். எரிந்த தோலில் தையல் நிற்காது, மூன்றாம் நாள் கிழித்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று இடத்தில் நங்கூரம் போடுங்கள், நாடாவால் சுற்றிக் கட்டுங்கள், குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று சார்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு ஷிப்டும் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

படி 6: ஓட ஆரம்பித்த முதல் நாள்

ரத்த ஓட்டத்தை மெல்ல ஏற்றி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 மி.லி. இவருக்கு 3.6 லிட்டரில் தொடங்கலாம். தீக்காய நோயாளியின் உடம்பு அடுப்பு போல எரிகிறது, ஆக்ஸிஜன் பசி அதிகம், ஆகவே பலருக்கு இதற்கு மேலும் தேவைப்படும். ஆக்ஸிஜனேட்டருக்குள் போகும் வாயுவை மட்டும் சடாரென்று ஏற்றாதீர்கள். 90-இல் இருந்த கரியமில வாயு ஒரு மணி நேரத்தில் 40-க்கு வந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் அதிர்ந்துவிடும், மூளையில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சில மணி நேரம் எடுத்து இறக்குங்கள்.

ஓட்டம் நிலையானதும் வென்டிலேட்டரைத் தணியுங்கள். மேல் அழுத்தம் 25-க்குள், அடி அழுத்தம் 10, ஆக்ஸிஜன் 40 சதவீதத்துக்குள், மூச்சு நிமிடத்துக்கு 10. தமனி ஆக்ஸிஜன் செறிவு 85 முதல் 92 என்றால் விவியில் அது போதும். 99-ஐப் பார்க்காமல் தூக்கம் வராதவர்கள் வென்டிலேட்டரைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். பிறகு எக்மோ போட்டதற்கே அர்த்தமில்லை.

படி 7: தினசரிப் போராட்டம்

குழாய் துள்ளுவது: இழுக்கும் குழாய் உதறத் தொடங்கும், ஓட்டம் ஏறி இறங்கும். சிரைக்குள் ரத்தம் போதவில்லை என்று பொருள். திறந்த காயத்திலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் இவர்களிடம் இது ஓயாது. இரவு இரண்டு மணிக்கு எல்லோர் கையும் சலைன் பாட்டிலுக்குப் போகும். சற்றுப் பொறுங்கள். பம்ப் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்; பல நேரம் ஓட்டம் குறையாமலே துள்ளல் நிற்கும். குழாய் மடங்கியிருக்கிறதா, இருமுகிறாரா, வலியில் முக்குகிறாரா, வயிற்று அழுத்தம் ஏறியதா என்று பாருங்கள். இத்தனைக்கும் பிறகு உண்மையிலேயே குறைவு என்றால் அல்புமின் என்ற ரத்தப் புரதமோ ரத்தமோ கொடுக்கலாம். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு பாட்டில் என்று ஓட்டினால் வாரக் கடைசியில் நோயாளி 12 கிலோ கூடியிருப்பார், நுரையீரல் தண்ணீரில் மிதக்கும். சிறுநீரகம் சுணங்கினால் டயாலிசிஸைத் தாமதிக்க வேண்டாம். எக்மோச் சுற்றோடே இணைக்கலாம்.

இரண்டு குழாய்களின் நிறம்: செவிலியருக்கு இதைவிட நல்ல அளவுமானி இல்லை. இழுப்பது கருஞ்சிவப்பு, தருவது பளிச்சென்ற சிவப்பு. இரண்டும் பளிச்சென்றிருந்தால் கொடுத்த ரத்தத்தையே திருப்பி இழுக்கிறது, குழாய் நுனிகள் பக்கத்தில் வந்துவிட்டன. இரண்டும் கறுத்திருந்தால் ஆக்ஸிஜனேட்டர் போகிறது, அல்லது வாயுக் குழாய் கழன்றிருக்கிறது. டார்ச் அடித்து ஒவ்வொரு ஷிப்டும் ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு கிளாம்பும் கையால் சுற்றும் பிடியும் மெஷினிலேயே தொங்க வேண்டும். பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கும் கிளாம்பால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

காய்ச்சல் காணாமல் போவது: வெந்நீர்ச் சுற்று ரத்தத்தை 37-இல் பிடித்து வைப்பதால் நோயாளிக்குக் காய்ச்சலே தெரியாது. தோல் இல்லாமல் குளிரில் நடுங்கும் நோயாளிக்கு அந்தச் சூடு பெரிய வரம். ஆனால் கிருமித் தொற்று சத்தமில்லாமல் வளரும். ஆகவே வேறு அடையாளங்களைப் பிடியுங்கள். காயத்தில் புதிதாகக் கறுப்பு, ஊதாத் திட்டு, உணவு ஜீரணமாகாமல் திரும்பி வருவது, நேற்று வரை போதுமாயிருந்த இன்சுலின் இன்று போதாமல் சர்க்கரை ஏறுவது, தட்டணுக்கள் சரிவது. மெஷினே தட்டணுக்களைத் தின்னும், ஹெப்பாரின் ஒவ்வாமையாலும் குறையும். மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மருந்து அளவு: வலிக்கும் மயக்கத்துக்கும் கொடுக்கும் ஃபென்டனில், மிடசோலம் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகளைக் குழாய்களும் ஆக்ஸிஜனேட்டரும் உறிஞ்சிக்கொள்ளும். பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோலும் அப்படியே. போதாக்குறைக்கு, அதிர்ச்சிக் கட்டம் தாண்டிய தீக்காய உடம்பு பல ஆன்டிபயாடிக்குகளை வேகமாக வெளியே தள்ளும். சாதாரண டோஸ் பல நேரம் பாதி டோஸ்தான். வலி மருந்து போதவில்லை என்று செவிலியர் சொன்னால் நம்புங்கள்.

உணவு: 60 கிலோ, 50 சதவீதம் என்றால் பழைய கரேரி கணக்கில் 25 × 60 + 40 × 50 = 3,500 கலோரி. இது மேல் வரம்பு என்று வைத்துக்கொண்டு, முதல் நாளிலேயே மூக்குக் குழாய் வழியாகத் தொடங்குங்கள்.

படி 8: டிரெஸ்ஸிங்

இதற்குத் தனிப் படி தேவையா என்று கேட்பவர்கள் எக்மோவில் இருக்கும் தீக்காய நோயாளியை ஒரு முறை திருப்பிப் பார்க்கட்டும். குறைந்தது ஆறு பேர் வேண்டும். ஒருவரின் வேலை குழாய்களைப் பிடித்துக்கொள்வது மட்டும். திருப்புவதற்கு "ஒன்று, இரண்டு" சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். அவர் மூன்று சொல்லாமல் சீனியர் டாக்டரே ஆனாலும் கை வைக்கக் கூடாது. மெஷினை ஓட்டும் நிபுணரான பெர்ஃப்யூஷனிஸ்ட் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெதுவெதுப்பான அறை, சூடேற்றிய கரைசல், முன்கூட்டியே வலி மருந்து. குழாய் நுழையும் இடத்தின் டிரெஸ்ஸிங்கைக் காயத்தின் டிரெஸ்ஸிங்கோடு சேர்க்காதீர்கள், அதைத் தனியாக, முதலில், சுத்தக் கையோடு முடித்துவிடுங்கள்.

படி 9: வெட்டி எடுத்து மூடுவது

எல்லாப் படியும் இதற்காகத்தான். கருகிய தோல் கிடக்கும் வரை உடம்பு முழுக்க அழற்சி ஓயாது, அழற்சி ஓயாமல் நுரையீரல் தெளியாது. ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரத்தில் ஜோரா யான்செகோவிச் என்ற மருத்துவர், கருகியதை முதல் சில நாளிலேயே மெல்லிய ஏடாகச் சீவி எடுத்து உடனே தோல் ஒட்டலாம் என்று காட்டினார். 1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரை தீக்காய சிகிச்சையையே மாற்றியது. எக்மோ இருக்கிறது என்பதற்காக இதைத் தள்ளிப்போட்டால் மெஷின் வாங்கித் தந்த நாட்கள் வீண்.

அதற்கு ரத்தப்போக்கைச் சமாளிக்க வேண்டும். அறுவைக்குச் சில மணி நேரம் முன் ஹெப்பாரினை நிறுத்துங்கள். இன்றைய சுற்றுகள் உள்பூச்சு கொண்டவை. ஓட்டம் நிமிடத்துக்கு 3 லிட்டருக்கு மேல் இருந்தால் ஹெப்பாரின் இல்லாமலே பல மணி நேரம், சிலருக்கு நாள்கணக்கிலும் ஓடும். சுற்றில் கட்டி பிடித்தால் சுற்றை மாற்றலாம். நோயாளியின் ரத்தம் போனால் அவ்வளவு சுலபமாகத் திருப்ப முடியாது. தட்டணுக்கள் 50,000-க்கு மேல், ரத்தம் உறைய வேண்டிய ஃபைப்ரினோஜென் புரதத்தின் அளவு பார்த்து, ரத்தப் பைகள் அறைக்குள் வந்த பிறகு கத்தியை எடுங்கள். கை கால்களில் இறுக்கப் பட்டை, அட்ரினலின் நனைத்த துணி, சூட்டுக் கத்தி. எக்மோ இல்லாதவருக்கு ஒரே அமர்வில் 20 சதவீதம் எடுப்பவர் இங்கே 10-இல் நிறுத்திக்கொண்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வரட்டும். கசிவு நின்று சில மணி நேரம் போன பின் ஹெப்பாரினை, தொடக்கத்தில் ஒரேயடியாகக் கொடுக்கும் பெரிய டோஸ் இல்லாமல், மெதுவாக ஆரம்பிக்கலாம்.

எதை வைத்து மூடுவது? சொந்தத் தோல் போதாவிட்டால் இறந்தவர்கள் தானமாகத் தந்த தோல்தான் மிகச் சிறந்த தற்காலிக மூடி. கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இயங்குகிறது. அது கிடைக்காத இடத்தில் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன தாள்கள். சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கிய இடங்களில் ஒன்று. செருப்புத் தோலை ஆராயும் இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது. கண் தானம் தெரிந்த அளவுக்குத் தோல் தானம் நம் ஊரில் தெரியாது. இறந்து சில மணி நேரத்துக்குள் தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய ஏடு மட்டும் எடுப்பார்கள், உடல் உருக்குலையாது.

படி 10: எடுப்பது

எக்ஸ்ரே தெளிகிறது, நுரையீரல் விரிகிறது, சளி குறைகிறது. அப்போது ஆக்ஸிஜனேட்டருக்குப் போகும் வாயுவைப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். ரத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், செயற்கை நுரையீரல் மட்டும் விடுப்பில். வென்டிலேட்டரில் 50, 60 சதவீத ஆக்ஸிஜனோடு, அழுத்தம் 28-க்குள், பல மணி நேரம் தாக்குப்பிடித்தால் எடுக்கலாம். ஒரு நாள் முழுக்க பார்த்துவிட்டு எடுப்பது எனக்குப் பிடிக்கும். ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாளை மறுநாள் பெரிய அறுவை இருக்கிறதா? இருந்தால் அதை முடித்துவிட்டு எடுப்பதா என்று அறுவை மருத்துவரோடு பேசுங்கள். எடுத்த பின் அந்தச் சிரைகளை ஸ்கேன் செய்து பாருங்கள், ரத்தக் கட்டி இருப்பது சகஜம்.

நிறுத்துவது பற்றி

இதைக் கடைசியில் எழுதினாலும் பேச வேண்டியது முதல் நாளில். மூளையில் பெரிய ரத்தக்கசிவு, ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் நிற்பது, மூடத் தோலே இல்லாமல் காயம் அழுகுவது, வாரங்கள் ஆகியும் நுரையீரல் அசையாதது. இவை வந்தால் எக்மோ வைத்திருப்பதில் பயனில்லை. திறந்த தீக்காயத்தோடு நுரையீரல் மாற்று அறுவையும் பொதுவாக முடியாது. குழாய் போடும் முன்பே வீட்டாரை உட்கார வைத்து, "இது நுரையீரலுக்கு நேரம் வாங்கும் மெஷின். இத்தனை நாளில் இன்ன முன்னேற்றம் பார்க்கிறோம். இல்லாவிட்டால் உங்களோடு உட்கார்ந்து நிறுத்துவது பற்றிப் பேசுவோம்" என்று சொல்லிவிடுங்கள். தினமும் ஒரே மருத்துவர், ஒரே நேரத்தில் பேசட்டும். வீட்டுத் தரப்பிலும் ஒருவரை முடிவு செய்யச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ அமைவார்.

வீட்டாரிடமிருந்து வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "மெஷினை எடுத்துட்டா உயிரோட இருப்பாரா, டாக்டர்?" அதற்குப் பதிலாக ரத்த வாயு எண்களை ஒப்பிக்காதீர்கள். காயம் எவ்வளவு மூடியிருக்கிறது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்லுங்கள். 50-இல் 30 மூடியாயிற்று, 20 இருக்கிறது என்றால் அவர்களுக்குப் புரியும்.